இடைக்கால ஐரிஷ் பயில விரும்பும் ஒருவருக்கு

மதிப்பிற்குரிய ஐயா,

‘பங்கூர் பான்’ என்னும் பூனையைப் பற்றிய ஒன்பதாம் நூற்றாண்டு ஐரிஷ் கவிதை குறித்து நீங்கள் எழுதிய கட்டுரையை வாசித்ததிலிருந்து அந்த மொழி என்னை விடவில்லை. நான் தமிழில் முதுகலைப் படிப்பை முடிக்கும் நிலையில் இருக்கிறேன். ‘டான் போ கூல்ஞே’ என்னும் பழைய ஐரிஷ் வீரக்கதையை மொழிபெயர்ப்பில் படித்தபோது, ஆநிரை கவரப் புறப்படும் பெரும்படையையும் அதைத் தனியொருவனாக மறித்து நிற்கும் கூ குலினையும் கண்டு, புறநானூறு பயின்ற எனக்கு மெய்சிலிர்த்தது. இடைக்கால ஐரிஷ் மொழியிலும் இலக்கியத்திலும் மேற்படிப்புப் படித்து, வெட்சித் திணையோடு அந்தக் கதையை ஒப்பிட்டு ஆராய வேண்டும் என்பது என் விருப்பம். ஆனால் வீட்டில் ‘இது சோறு போடுமா’ என்று கேட்கிறார்கள். அயர்லாந்தோடு எந்த உறவும் இல்லாத ஒருத்திக்கு அந்தத் துறையில் இடம் உண்டா? எங்கே படிக்கலாம்? எங்கிருந்து தொடங்குவது?

க., திருநெல்வேலி

அன்புள்ள க.,

எங்கிருந்து தொடங்குவது என்ற கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். பல்கலைக்கழகங்களின் பட்டியலைப் பார்ப்பதற்கு முன்னால், வீட்டில் உட்கார்ந்து ஓராண்டுக் காலம் பழைய ஐரிஷ் இலக்கணத்தைப் படியுங்கள். உங்களை இழுத்து வந்தது மொழிபெயர்ப்பு. மொழிபெயர்ப்பின் மீது கொண்ட காதல் உண்மையானதுதான் என்றாலும், இந்தத் துறையில் ஒருவரது நாள் எப்படிக் கழியும் என்பதை அது காட்டாது.

ஆறாம் நூற்றாண்டின் முடிவிலிருந்து ஏறத்தாழ 900 வரையிலான மொழியைப் பழைய ஐரிஷ் என்றும், அங்கிருந்து 1200 வரையிலானதை இடைக்கால ஐரிஷ் என்றும் பிரிப்பார்கள். கதைகளைச் சுமந்துவரும் பெரிய சுவடிகள் பிற்காலத்தவை. ‘கபிலப் பசுவின் நூல்’ எனப்படும் தொகுப்பை எழுதியவர்களுள் ஒருவரான மேல் முரே 1106இல் கொல்லப்பட்டார். லென்ஸ்டர் நூல் பன்னிரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. பல தலைமுறைகளின் கை பட்டு, சொல்வடிவங்கள் கலைந்துதான் கதைகள் இவற்றில் வந்து சேர்ந்திருக்கின்றன. எனவே மொழியின் பழைய நிலையை அறிய, அந்தக் காலத்திலேயே எழுதப்பட்டு அப்படியே தங்கிவிட்ட உரைக்குறிப்புகளை நாட வேண்டியிருக்கிறது. வூர்ட்ஸ்புர்கில் பவுலின் நிருபங்களுக்கும், மிலானில் சங்கீதங்களின் விளக்கவுரைக்கும், சாங்க்ட் காலனில் பிரிஸ்கியனின் லத்தீன் இலக்கணத்துக்கும் ஐரிஷ் துறவிகள் வரிகளுக்கிடையிலும் ஓரங்களிலும் எழுதிவைத்த குறிப்புகள் அவை. நீங்கள் கூ குலினைத் தேடிப் போவீர்கள். பாடத்திட்டம் உங்களைப் பவுலின் நிருபங்களின் முன்னால் உட்காரவைக்கும். உரையோடு சேர்த்தே மூலத்தைப் படித்துப் பழகிய தமிழ் மாணவிக்கு அது சலிப்பூட்டாது என்று நம்புகிறேன். சாங்க்ட் காலன் சுவடியில் மட்டும் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட ஐரிஷ் குறிப்புகள் உள்ளன. அவற்றுக்கிடையே ஓர் எழுத்தர், ‘புதிய தோல், கெட்ட மை, இதற்குமேல் ஒன்றும் சொல்லமாட்டேன்’ என்று எழுதிவிட்டு வேலையைத் தொடர்ந்திருக்கிறார்.

மொழியின் கடுமையை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அவனுடைய நாய், அவளுடைய நாய், அவர்களுடைய நாய் ஆகிய மூன்றுக்கும் உடைமைச் சொல் ‘அ’ ஒன்றுதான். நாயைக் குறிக்கும் ‘கூ’ என்ற சொல்லின் முதல் மெய் மூன்று இடத்திலும் மூன்று விதமாக ஒலிப்பதைக் கொண்டே அது யாருடைய நாய் என்று அறிகிறோம். அந்த மூன்றில் இரண்டை எழுத்து பெரும்பாலும் வேறுபடுத்திக் காட்டுவதில்லை என்பதால், வாசகர் இடம்பார்த்து உணர்ந்துகொள்ள வேண்டும். நம் புணர்ச்சியில் மாற்றத்துக்குக் காரணமான ஒலி பெரும்பாலும் கண்முன்னே நிற்கும்; ஐரிஷிலோ காரணமாக இருந்த பழைய ஈறு தேய்ந்து மறைந்துவிட, அது உண்டாக்கிய மாற்றம் மட்டும் அடுத்த சொல்லின் தலையில் எஞ்சியிருக்கிறது. வினைச்சொல் இதைவிடக் கடினம். ‘தோ-பெர்’ என்றால் ‘தருகிறான்’. அதன் முன்னால் ‘நீ’ என்னும் எதிர்மறைச் சொல் வந்ததும் அழுத்தம் இடம் மாறி, வினையே குறுகி, ‘நீ-தவர்’ என்று ஆகிவிடும். இரண்டும் ஒரே வினை என்பதைப் பழகாத கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. அகராதியில் எந்த எழுத்தின் கீழ்த் தேடுவது என்றுகூடத் தெரியாது. ‘என்னை’, ‘உன்னை’ போன்ற சொற்களோ தனியாக நிற்காமல் வினையின் நடுவில் புகுந்துகொள்ளும். இவற்றோடு ஓராண்டு மல்லுக்கட்டிய பிறகும் ஆசை குறையாமல் இருந்தால், நீங்கள் இந்தத் துறைக்கு உரியவர் என்று துணிந்து சொல்லலாம்.

இந்த உழைப்பு எதற்கு என்பதற்கு நீங்கள் விரும்பும் கதையிலிருந்தே ஒரு சான்று தருகிறேன். லென்ஸ்டர் நூலில் ‘டான்’ முடியும் இடத்தில் இரண்டு பின்குறிப்புகள் அடுத்தடுத்து நிற்கின்றன. முதலாவது, இந்தக் கதையை இந்த வடிவத்திலேயே, வேறெதையும் சேர்க்காமல் மனப்பாடம் செய்யும் ஒவ்வொருவரையும் வாழ்த்துகிறது. இரண்டாவது, இந்த வரலாற்றை, இல்லை, இந்தக் கட்டுக்கதையை எழுதிய நான் இதிலுள்ள பலவற்றை நம்பவில்லை என்று தொடங்கி, சில பேய்களின் வஞ்சகம், சில கவிகளின் கற்பனை, சில மூடர்களின் களிப்புக்கானவை என்று அடுக்குகிறது. முதலாவது ஐரிஷில் இருக்கிறது, இரண்டாவது லத்தீனில். மொழிபெயர்ப்பில் இரண்டும் ஒரே மொழியில் ஒரே குரலாக வந்துவிடுகின்றன. தாய்மொழியில் மரபைக் காத்தும் திருச்சபையின் மொழியில் அதை மறுத்தும் பேச நேர்ந்த ஒரு கல்விமரபின் உள்முரண் முழுவதும் அந்த மொழிமாற்றத்தில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம். அதனால்தான் லத்தீனும் சேர்த்துப் படியுங்கள் என்கிறேன். இன்னொன்றையும் கவனியுங்கள். மேவ் அரசியும் அவள் கணவன் அலிலும் படுக்கையில் தத்தம் செல்வத்தை ஒப்பிட்டுச் சண்டையிடும் புகழ்பெற்ற தொடக்கம் லென்ஸ்டர் நூலின் வடிவத்துக்கே உரியது. அதைவிடப் பழைய முதல் வடிவத்தில் அது கிடையாது. அந்தக் காட்சியை வைத்துக்கொண்டு ஆநிரை கவர்தலின் ‘தொல்பழங்காரணம்’ பற்றி ஒருவர் கட்டுரை எழுதினால், அடித்தளமே ஆட்டங்கண்டுவிடும்.

அயலாருக்கு இடம் உண்டா என்று கேட்டிருந்தீர்கள். இந்தத் துறையின் அடித்தளத்தில் பாதியை இட்டவர்கள் அயலார்தான். 1853இல் லத்தீனில், ஐரிஷ் உள்ளிட்ட கெல்டிய மொழிகளின் இலக்கணத்தை வெளியிட்டு இதை ஓர் அறிவியல் துறையாக நிறுத்திய யோஹான் காஸ்பர் ட்ஸொய்ஸ் பவேரியாவைச் சேர்ந்தவர். 1903இல் டப்ளினில் ஐரிஷ் கல்விக்கெனத் தனிப் பள்ளியைத் தொடங்கிய கூனோ மையர் ஜெர்மானியர். இன்றும் மாணவர்கள் கையில் வைத்திருக்கும் பழைய ஐரிஷ் இலக்கணத்தை 1909இல் ஜெர்மனில் எழுதிய ருடால்ஃப் தூர்னைசென் சுவிட்சர்லாந்துக்காரர். பின்சியும் பெர்கினும் செய்த அதன் ஆங்கில வடிவம் 1946இல் வந்தது. எதிர்த்திசையில் நடந்த ஒன்றும் உண்டு. டப்ளினில் பிறந்த விட்லி ஸ்டோக்ஸ் 1862இல் இந்தியாவுக்கு வந்து, சென்னையிலும் பின்னர் கல்கத்தாவிலும் சட்டப் பணியில் இருந்தார். இந்து சட்ட நூல்களை 1865இல் சென்னையில் பதிப்பித்த அதே மனிதர், இடைக்கால ஐரிஷ் சமயச் சொற்பொழிவுகள் மூன்றை 1877இல் கல்கத்தாவில் அச்சிட்டார். நீதிமன்றக் கோப்புகளுக்கு நடுவே, சுவடிகள் ஒரு கடலுக்கப்பால் இருக்க, அவர் அந்த வேலையைச் செய்திருக்கிறார். உங்களுக்கோ அந்தச் சுவடிகளின் படங்கள் டப்ளின் உயராய்வு நிறுவனம் நடத்தும் ‘ஐரிஷ் ஸ்கிரிப்ட் ஆன் ஸ்கிரீன்’ தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன.

உங்கள் கடிதத்தில் எனக்கு உடன்பாடில்லாத இடம் ஒன்று உண்டு. ஒப்பாய்வை முன்னே வைக்காதீர்கள். வெட்சியும் ‘டா’னும் ஒத்திருப்பது உண்மை, ஆனால் ஒரு முனையில் தேர்ச்சியும் மறுமுனையில் மொழிபெயர்ப்பும் இருந்தால், மேலோட்டமான ஒற்றுமைகளே கையில் கிடைக்கும். க. கைலாசபதி சங்கப் பாடல்களைக் கிரேக்க வீரயுகப் பாடல்களோடு ஒப்பிட்டபோது ஐரிஷ் மரபையும் கருத்தில் கொண்டார். 1968இல் ஆக்ஸ்ஃபோர்டு அதை நூலாக வெளியிட்டது. பர்மிங்ஹாமில் அவருக்கு வழிகாட்டிய ஜார்ஜ் தாம்சன், கால்வேயில் கிரேக்கத்தை ஐரிஷ் மொழி வழியாகவே கற்பித்தவர். ஆனால் கைலாசபதியின் கேள்வி தமிழ்ப் பாடல்களைப் பற்றியது; ஐரிஷ் அங்கே துணைச்சான்று. நீங்கள் பெற விரும்புவது ஐரிஷில் பட்டம். ஆகவே முதுகலைக் காலத்தில் ஒரு சிறு கதையையோ ஒரு சட்டப் பகுதியையோ எடுத்து, சுவடி பார்த்து, பாடம் தேர்ந்து, சொல் சொல்லாக மொழிபெயர்த்துப் பழகுங்கள். சட்டநூல்களை நான் குறிப்பாகச் சொல்வேன். என் தோட்டத்துப் பூக்களில் மேயும் அடுத்த வீட்டுத் தேனீக்களுக்காக நான் தேனில் பங்கு கேட்கலாமா என்பதை, மாடு பயிரை மேய்ந்த வழக்கைப்போலவே விசாரிக்கும் தனிநூல் அங்கே இருக்கிறது. அந்தச் சமூகம் மாட்டை எப்படி மதித்தது என்பதை வீரக் கதைகளைவிட இந்த நூல்கள் தெளிவாகச் சொல்கின்றன. ஒப்பாய்வு முனைவர் பட்டத்துக்குப் பிறகு தானாக வரும்.

எங்கே படிப்பது என்றால், மேனூத், கார்க், கால்வே, டப்ளினில் டிரினிட்டி கல்லூரி, யுனிவர்சிட்டி கல்லூரி ஆகியவை அயர்லாந்தில் முதலில் பார்க்க வேண்டியவை. அங்கே முதுகலை பெரும்பாலும் ஓராண்டுதான். முன்பயிற்சி இல்லாமல் போனால் எழுத்தும் இலக்கணமும் பழகுவதற்குள் அந்த ஆண்டு தீர்ந்துவிடும். கேம்பிரிட்ஜில் ஆங்கிலோ-சாக்ஸன், நார்ஸ், கெல்டிய மொழிகளுக்கான துறையும், ஆக்ஸ்ஃபோர்டில் கெல்டியவியல் படிப்பும், ஹார்வர்டில் தனித் துறையும் உண்டு. டப்ளின் உயராய்வு நிறுவனம் பட்டம் தருவதில்லை. ஆனால் இந்தத் துறையின் முதன்மையான பதிப்புகள் பல அங்கிருந்தே வருகின்றன. 1940இல், உலகப் போருக்கு நடுவில், வசதியற்ற ஒரு சிறு நாடு கெல்டியவியலையும் கோட்பாட்டு இயற்பியலையும் ஒன்றாக வைத்து அந்த நிறுவனத்தைத் தொடங்கியது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்த நாட்டின் மீது மரியாதை கூடுகிறது.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து வருபவர்களுக்கு அயர்லாந்து அரசு வழங்கும் கல்வி உதவித் திட்டம் ஒன்று, ஓராண்டுக்குக் கட்டண விலக்கோடு 10,000 யூரோவும் தருகிறது. கேம்பிரிட்ஜுக்குக் கேட்ஸ், ஆக்ஸ்ஃபோர்டுக்குக் கிளாரண்டன் உதவித்தொகைகள் உண்டு; போட்டி கடுமையானது. உதவித்தொகை கிடைக்காவிட்டால் கடன் வாங்கிப் போக வேண்டாம். சோறு போடுமா என்று வீட்டில் கேட்பது நியாயமான கேள்வி, அவர்களிடம் கோபப்படாதீர்கள். உலகெங்கும் இந்தப் பாடத்துக்கான நிரந்தரப் பணியிடங்கள் மிகக் குறைவு. முனைவர் பட்டம் பெற்ற திறமைசாலிகள்கூட ஆண்டுக்கணக்கில் தற்காலிகத் திட்டங்களில் வேலை செய்கிறார்கள். இந்தியாவில் இதைக் கற்பிக்கும் வேலை கிடைக்கும் என்று எண்ணி இறங்க முடியாது. உங்கள் தமிழ்ப் பட்டத்தைக் கொண்டு இங்கே ஆசிரியப் பணிக்கான தகுதித் தேர்வையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அது இந்த ஆசைக்குத் துரோகம் ஆகாது.

முதலாண்டுக்கு, டேவிட் ஸ்டிஃப்டர் எழுதி 2006இல் வந்த ‘ஷென்கோய்தெல்க்’ என்னும் பாடநூல் போதும். தானே கற்பவர்களுக்கு அதைவிட நல்ல வழிகாட்டியை நான் பார்த்ததில்லை. ராயல் ஐரிஷ் அகாதெமி 1913இல் வெளியிடத் தொடங்கி 1976இல் முடித்த பேரகராதி இப்போது இணையத்தில் கட்டணமின்றி இருக்கிறது. மூலநூல்கள் பலவற்றைக் கார்க் பல்கலைக்கழகத்தின் ‘செல்ட்’ தொகுப்பில் படிக்கலாம். இன்றைய ஐரிஷையும் கொஞ்சம் கற்றுக்கொள்ளுங்கள். துறையின் ஆய்வுகளில் ஒரு பகுதி அந்த மொழியிலேயே எழுதப்படுகிறது. ஜெர்மன் வாசிக்கத் தெரிந்தால் தூர்னைசெனின் காலத்து ஆய்வுகள் முழுவதும் திறந்துகொள்ளும். பாடநூலை முடித்ததும் ‘பங்கூர் பா’னின் எட்டுச் செய்யுள்களையும் மூலத்திலிருந்து நீங்களே தமிழாக்கி, ஒவ்வொரு சொல்லுக்கும் இலக்கணக் குறிப்பு எழுதுங்கள். மேனூத்துக்கோ கார்க்குக்கோ விண்ணப்பம் பற்றி விசாரித்து எழுதும்போது, அந்தக் குறிப்புகளை ஆங்கிலத்தில் எழுதி உடன் இணைத்து அனுப்புங்கள். எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள், ஆர்வத்தோடு படிப்பேன்.

அன்புடன்