சர்வீஸ் ரிமைண்டரை 15,000-லேருந்து 10,000-க்கு மாத்தலாமா?

கேள்வி: 2008 மாடல் ஸ்கோடா லாரா 1.9 டிடிஐ செகண்ட் ஹேண்டா வாங்கி ஒரு வருஷமாச்சுங்க. மீட்டர் 15,000 கி.மீ. ஓடினாத்தான் சர்வீஸ் கேக்குது, எனக்கு 10,000-லயே கேக்கணும். ஃப்ரெண்ட் லேப்டாப்ல விசிடிஎஸ்னு ஸ்கோடா, ஃபோக்ஸ்வாகன் வண்டி கம்ப்யூட்டர படிச்சு செட்டிங் மாத்தற சாஃப்ட்வேர் வெச்சிருக்கான், மாத்தித் தரேங்கறான். இன்னொருத்தர் 30,000 போட்டுக்கோ, ஆயில் காசு மிச்சம்ங்கறார். யார் சொல்றத கேக்கறது?
- வாசகர், பொள்ளாச்சி

பதில்: உங்க ஃப்ரெண்ட் சொல்றத கேளுங்க. 30,000 பேச்ச மட்டும் காதுலயே போட்டுக்காதீங்க, ஏன்னு சொல்றேன்.

உங்க வண்டில இருக்கறது பிடி இன்ஜின், அதாவது பம்ப்பும் இன்ஜெக்டரும் ஒண்ணாவே இருக்கற டைப். காமன் ரெயில்ங்கற இன்னொரு டீசல் டைப்ல தனியா ஒரு ஹை பிரஷர் பம்ப் இருக்கும், இதுல அந்த வேலையும் கேம்ஷாஃப்ட், அதாவது வால்வுகள தொறக்கற சுத்தற தண்டு, அது தலையிலதான் விழுது, ஒவ்வொரு சிலிண்டர் இன்ஜெக்டரையும் அதுதான் ராக்கர் வழியா அமுக்கி 2,000 பாருக்கு மேல பிரஷர் உண்டாக்குது. இன்ஜெக்டருக்குன்னு தனி லோப் (தண்டுல இருக்கற மேடு) வேணும்ங்கறதால வால்வை அமுக்கற லோப்போட அகலத்த குறைச்சுட்டாங்க. அகலம் கம்மி, லோடு ஜாஸ்தி, நடுவுல காப்பாத்தறது அந்த ஆயில் படலம் மட்டும்தான். ஒரு ஒர்க்‌ஷாப்ல பிடி இன்ஜின் ஒண்ண பிரிச்சுப் போட்டிருந்தத நான் பாத்தேன், லோப் மூக்கு தேஞ்சு மழுங்கிப் போயிருந்துச்சு, அதுக்குக் கீழ உக்கார்ற லிஃப்டரோட தலை மெலிஞ்சு மெலிஞ்சு ஓட்டையே விழுந்துடுச்சு. அத கையில வெச்சுப் பாத்ததுலேருந்து பிடி வண்டி வெச்சிருக்கற யார் கேட்டாலும் ஆயில் விஷயத்துல கஞ்சத்தனம் வேண்டாம்னு கெஞ்சாத குறையா சொல்லிட்டிருக்கேன்.

30,000-ங்கறது சும்மா வந்த நம்பர் இல்ல, ஐரோப்பால லாங்லைஃப்னு ஒரு முறை இருக்கு. அதுக்குன்னே தனி ஆயில் ஊத்தி, நீங்க ஓட்டற விதம், ஆயில் சூடு எல்லாத்தையும் கணக்குப் போட்டு வண்டியே எப்போ சர்வீஸ்னு முடிவு பண்ணும், 30,000-ங்கறது அதோட உச்ச வரம்புதான். ஹைவேல ஒரே வேகத்துல போற வண்டிக்கு சரி, டவுனுக்குள்ள கடை, ஸ்கூல்னு நாலு நாலு கிலோமீட்டர் ஓடற வண்டிக்கு அது ஆகாது. லாங்லைஃப் இல்லாத ஃபிக்ஸட் மோடுல இருக்கற மீட்டர் ஆயிலோட நிலைமைய பாக்கறதே இல்ல, கிலோமீட்டரையும் நாளையும் எண்ணுது, அவ்ளோதான். நம்பர மாத்தினா லைட் லேட்டா எரியும், ஆயில் அதுபாட்டுக்கு கெட்டுட்டே இருக்கும்.

இப்ப 10,000-க்கு மாத்தற வழி. இக்னிஷன் ஆன், இன்ஜின் ஆஃப், பேட்டரி வீக்கா இருந்தா சார்ஜர் போட்டுக்கோங்க. விசிடிஎஸ்ல 17 இன்ஸ்ட்ருமென்ட்ஸ், அதாவது மீட்டர் பகுதி, அதுக்குள்ள போய் செட்டிங் மாத்தற அடாப்டேஷன் மெனு எடுங்க, ஒவ்வொரு செட்டிங்குக்கும் சேனல்னு ஒரு நம்பர் இருக்கும். எதையும் தொடறதுக்கு முன்னாடி 40-லேருந்து 49 வரைக்கும் ஒவ்வொரு சேனல்லயும் இருக்கற பழைய மதிப்ப ஒரு பேப்பர்ல எழுதி வெச்சுக்கணும், இத தயவுசெஞ்சு விட்டுடாதீங்க. ஆயில் மாத்தின அன்னிக்கே செய்யறதா இருந்தா முதல்ல சேனல் 2-ல 0 போட்டு ரீசெட். அப்புறம் 42-லயும் 43-லயும் 15-னு இருக்கும், அது ஆயிரம் கிலோமீட்டர் கணக்கு, ரெண்டையும் 10 ஆக்கி டெஸ்ட் குடுத்து சேவ் பண்ணுங்க. 44-ம் 49-ம் நாள் கணக்கு, 365 அப்படியே இருக்கட்டும். 45-ல 1 இருந்தா லாங்லைஃப் இல்லன்னு அர்த்தம், உங்களுக்கு வேண்டியது அதுதான்.

சேனல் நம்பர டைப் பண்ணும்போது அவசரமே கூடாது. அதே மெனுல சேனல் 3 லிட்டருக்கு எத்தனை கி.மீ.ன்னு காட்டற டிஸ்ப்ளேவோட கரெக்‌ஷன், 30 ஃப்யூயல் கேஜ். இதுல தெரியாம கை வெச்சா மீட்டர் தப்பா காட்டும். சாஃப்ட்வேர் பக்கத்துலயே சேனல் பேர காட்டும், படிச்சுட்டு அப்புறம் சேவ் குடுங்க.

ஆயில் வாங்கும்போது டப்பா பின்னாடி விடபிள்யூ (ஃபோக்ஸ்வாகன்) தர நம்பர் 505.01 அல்லது 507.00-னு போட்டிருக்கான்னு பாருங்க. வெறும் 5டபிள்யூ-40-ன்னு மட்டும் போட்டிருந்தா பத்தாது, கடைக்காரர் எவ்ளோ சொன்னாலும் சரி. டைமிங் பெல்ட்டுக்கும் இந்த லைட்டுக்கும் சம்பந்தம் இல்ல, அத பழைய பில்லப் பாத்து தனியா கணக்கு வெச்சுக்கோங்க.

கேள்வி: வண்டி சாக்கெட்ல சொருகி ஃபோன்ல எர்ரர் பாக்கற 500 ரூபா ப்ளூடூத் ஓபிடி வெச்சு இதையே பண்ண முடியுமா?
- வாசகர், திருச்சி

பதில்: சாதாரண ஓபிடி ஆப் இன்ஜின் எர்ரர் கோட படிக்கும், அழிக்கும். மீட்டர் அடாப்டேஷன் அதுல வராது. ரீசெட் மட்டும் போதும்னா எதுவும் வாங்க வேண்டாம், இக்னிஷன் ஆஃப்ல ட்ரிப் ரீசெட் பட்டன அமுக்கிப் புடிச்சுட்டே ஆன் பண்ணுங்க, சர்வீஸ் மெசேஜ் வந்ததும் கைய எடுத்துட்டு ஸ்கிரீன்ல கேக்கறபடி செய்யுங்க. ஏற்கெனவே 10,000-க்கு மாத்தின வண்டில இப்படி பட்டன்ல ரீசெட் பண்ணினா 42, 43 பழையபடி 15-க்குப் போயிருக்கான்னு அடுத்த தடவை லேப்டாப் மாட்டும்போது பாத்துடுங்க.

கேள்வி: டிபிஎஃப் (புகைக்கரிய புடிச்சு வெக்கற ஃபில்டர்) இருக்கற டீசல் வண்டி. டிப்ஸ்டிக்ல ஆயில் கூடிட்டே வருது, சர்வீஸுக்கு இன்னும் 6,000 கி.மீ. இருக்குன்னு மீட்டர் சொல்லுது. வெயிட் பண்ணலாமா?
- வாசகர், மதுரை

பதில்: வேண்டாங்க. டிபிஎஃப்ல சேர்ற புகைக்கரிய எரிக்க இன்ஜின் கூடுதலா டீசல் பீச்சும், குறைஞ்ச தூரமே ஓட்டி பாதில ஆஃப் பண்ணினா அதுல கொஞ்சம் சிலிண்டர் சுவர் வழியா இறங்கி ஆயில்ல கலந்துடும். டிப்ஸ்டிக்க மோந்து பாருங்க, டீசல் வாடை அடிக்கும். மேக்ஸ் கோட்ட தாண்டியிருந்தா மீட்டர் என்ன சொன்னாலும் இந்த வாரமே ஆயில மாத்துங்க, இன்ஜெக்டர் லீக் இருக்கான்னும் செக் பண்ணச் சொல்லுங்க.