வெள்ளிப் பெரணிகள்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை நிழல் தோட்டத்து வெள்ளிப் பெரணிகளைப் பற்றியவை. பதிலுக்கு முன் ஒரு வேண்டுகோள். 'சில்வர் ஃபெர்ன்' என்ற ஒரே பெயரில் கடைகளில் நான்கைந்து செடிகளை விற்கிறார்கள். இலை நடுவே வெள்ளிப் பட்டை ஓடும் டெரிஸ் ஒன்று, இலையடியில் வெள்ளைப் பொடி பூத்த பிட்டிரோகிராமா இன்னொன்று, இலை முழுக்கச் சாம்பல் வெள்ளியாக இருக்கும் ஜப்பான் பெரணி வேறொன்று. மூன்றுக்கும் வளர்ப்பு முறை வேறு வேறு. உங்களிடம் இருப்பது எது என்று பார்த்து எழுதுங்கள்.

கே: இலையடி முழுக்க வெள்ளை மாவு படிந்திருக்கிறது. மாவுப்பூச்சி என்று வேப்பெண்ணெயும் சோப்புக் கரைசலும் மூன்று முறை அடித்தேன். இன்னும் முழுதாகப் போகவில்லை. (தாம்பரம்)

போகக் கூடாது. அந்த மாவுதான் உங்கள் செடியின் வெள்ளி. பிட்டிரோகிராமாவின் இலையடியில் இருக்கும் நுண்ணிய சுரப்பிகள் கசியவிடும் பொடி அது. மலைப்பகுதிப் பிள்ளைகள் இலையைக் கையில் வைத்து அழுத்தி வெள்ளை அச்சு எடுத்து விளையாடுவது இந்தப் பொடியால்தான். மாவுப்பூச்சி இப்படிச் சீராகப் பரவாது. காம்பு பிரியும் இடத்திலும் நரம்போரத்திலும் திட்டுத்திட்டாக அடையும், தொட்டால் பிசுபிசுக்கும், எறும்பைக் கூட்டிவரும். எண்ணெய் பட்ட இலைகள் பழைய நிறத்துக்கு வராது, புது இலைகள் வரும்வரை பொறுங்கள். மருந்துப் புட்டியைத் திறக்கும் முன் இலையைத் திருப்பி, லென்ஸ் வைத்துப் பாருங்கள். இதை இந்தப் பகுதியில் பல முறை எழுதிவிட்டேன்.

கே: டெரிஸ் விக்டோரியா வைத்திருக்கிறேன். புதிதாக வரும் இலைகளில் வெள்ளிப் பட்டை மங்கிக்கொண்டே போகிறது. (திருச்சி)

இருட்டு அதிகம். மாமரத்தடியில் வைத்து, மேலே 75 சதவீத நிழல்வலையும் கட்டியிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். இரண்டில் ஒன்று போதும். இளங்காலை வெயில் ஒரு மணி நேரம் பட்டால் நல்லது, பத்து மணிக்கு மேல் கூடாது. யூரியா போட்டுவந்தால் உடனே நிறுத்துங்கள். முழுப் பச்சையாகவே இலை விடும் பகுதி இருந்தால் வேர்த்தண்டோடு பிரித்து அகற்றிவிடுங்கள். விட்டுவைத்தால் அதுதான் வேகமாக வளர்ந்து தொட்டியை அடைத்துக்கொள்ளும்.

கே: அதே செடியில் நடுவிலிருந்து ஒல்லியாக, நெட்டையாகச் சில இலைகள் வருகின்றன. ஓரங்களில் பழுப்புக் கோடும் இருக்கிறது. நோயா? (நாகர்கோவில்)

இல்லை. அவை வித்து (பெரணி பரவ உதவும் ஸ்போர் தூசு) தாங்கும் இலைகள். வெட்டாதீர்கள்.

கே: இலை நுனிகள் கருகுகின்றன. தினமும் இரண்டு வேளை தண்ணீர் விடுகிறேன். தனிக் கோகோபீட்டில்தான் வைத்திருக்கிறேன். (கோவை)

கோகோபீட்டைக் கழுவினீர்களா என்று எழுதவில்லை. கழுவியிருக்கமாட்டீர்கள் என்றே நினைக்கிறேன். கட்டியாக வரும் கோகோபீட்டில் உப்பு நிறைய இருக்கும். வாளியில் ஊறவைத்து, பிழிந்து, மூன்று நான்கு தண்ணீர் மாற்றியபிறகுதான் அதைச் செடிக்குக் கொடுக்க வேண்டும். அதோடு உங்கள் போர் தண்ணீரின் உப்பும் சேர்ந்து நுனியைச் சுடுகிறது. பெரணிக்கு மழைநீர்தான் சிறந்தது. இல்லாவிட்டால் மாதம் ஒருமுறை ஆர்ஓ நீரைத் தாராளமாக ஊற்றி, தொட்டியில் சேர்ந்த உப்பு அடித்துளை வழியாக வெளியேறும்படி செய்யுங்கள். கழுவிய கோகோபீட் இரண்டு பங்கு, இலைமக்கு இரண்டு பங்கு, கரித்துண்டு ஒரு பங்கு கலந்து தொட்டி மாற்றுங்கள். 19:19:19 உரம் லிட்டருக்கு அரை கிராம் போதும். மாற்றும்போது வேர்த்தண்டை மண்ணுக்குள் புதைக்காதீர்கள். இலை சுருண்டு எழும் அந்த முனை காற்றில் இருக்க வேண்டும்.

கே: என் பெரணி வாடுகிறது. என்ன செய்யலாம்?

ஊர் இல்லை, பெயர் இல்லை, வெயிலா நிழலா என்று இல்லை, படமும் இல்லை. இவற்றை எழுதி மறுபடி அனுப்புங்கள்.

கே: கொடைக்கானல் போனபோது பாறை இடுக்குகளில் வெள்ளி அடியுள்ள அழகான சிறு பெரணிகளைப் பார்த்தோம். பத்துப் பன்னிரண்டை வேரோடு எடுத்து வந்தோம். ஒரு மாதத்தில் எல்லாம் காய்ந்துவிட்டன. அடுத்த முறை எப்படி எடுத்து வந்தால் பிழைக்கும்? (மதுரை)

அடுத்த முறை வேண்டாம். எப்படி எடுத்தாலும் வேண்டாம்.

உங்கள் வர்ணனையை வைத்துப் பார்த்தால் அது அலூரிட்டாப்டெரிஸ். பாறை வெடிப்பில், கைப்பிடி மண்கூட இல்லாத இடத்தில் வாழும் செடி. கோடையில் இலைகளைச் சுருட்டி, வெள்ளை அடிப்பக்கத்தை வெளியே காட்டியபடி காத்திருக்கும். மழை பெய்ததும் விரிந்துகொள்ளும். அதன் மெல்லிய வேர்கள் வெடிப்பின் ஆழத்தில் ஒட்டியிருப்பவை. நீங்கள் இழுத்தபோது கையோடு வந்தது தண்டும் வேரின் மொட்டைப் பகுதியும்தான், நீர் உறிஞ்சும் நுனிகள் பாறையிலேயே தங்கிவிட்டன. கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே கோடை இரவும் குளிரும். மதுரையில் மே மாத இரவும் சூடுதான். வேரில்லாத செடி அந்தச் சூட்டை எப்படித் தாங்கும்?

காப்புக்காட்டில் செடி பிடுங்குவது சட்டப்படி குற்றம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆண்டுதோறும் மலைக்கு வருகிற கூட்டத்தில் காருக்கு நான்கு செடி என்றால் சாலையோரப் பாறைகளில் என்ன மிஞ்சும்? சாலையோரத்தில் காகிதத்தில் சுற்றி விற்பவர்களிடம் வாங்குவதும் அதே காரியம்தான். நர்சரிச் செடியைத் தொட்டியிலிருந்து உருவினால் வேர் தொட்டியின் வடிவத்தில் சுற்றி நிற்கும். காட்டிலிருந்து பிடுங்கியதில் வேரும் மண்ணும் ஒட்டாமல் உதிரும், பழைய இலைகள் கிழிந்திருக்கும். ஆர்க்கிட் வளர்ப்பவர்கள் வாங்கும் மரப்பெரணிப் பலகைக்கும் இதைச் சொல்வேன். சயாத்தியா மரப்பெரணிகள், அரிய உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் இருப்பவை. அந்தப் பலகைக்காக ஒரு முழு மரத்தை வெட்டுகிறார்கள். தென்னை மட்டையில் ஆர்க்கிட் நன்றாகவே வளரும்.

ஆசை இருந்தால் வித்திலிருந்து வளர்த்துப் பாருங்கள். நர்சரிச் செடியில் முதிர்ந்த இலை ஒன்றைக் காகித உறைக்குள் இரண்டு நாள் வைத்தால் தூசு போல வித்து கொட்டும். கோவை வாசகருக்குச் சொன்ன தொட்டிக் கலவையில் கொதிநீர் ஊற்றி ஆறவிட்டு, அதன்மேல் தூவுங்கள். மண் போட்டு மூடக் கூடாது. கண்ணாடித் தட்டால் மூடி வெளிச்சமான நிழலில் வையுங்கள். ஒரு மாதத்தில் பச்சைப் படலம் படரும், மூன்று நான்கு மாதத்தில் முதல் குட்டி இலை தெரியும், ஓராண்டில் தொட்டிக்கு மாற்றலாம். உங்கள் மாடியின் சூட்டிலேயே பிறந்து வளர்ந்த செடி அது, பிழைக்கும்.

கே: ஜப்பான் பெரணியை மேப்பிள் மரத்தடியில் நட்டேன். ஏப்ரல் முடியப்போகிறது, ஒன்றும் காணோம். தோண்டி எறிந்துவிடவா? (ஸ்கார்பரோ, கனடா)

தோண்டாதீர்கள். குளிர்காலத்தில் இலை முழுக்கப் பட்டுப்போய், மண்மட்டத்தில் உறங்கும் செடி அது. உங்கள் டொராண்டோ பகுதியில் மே மாதம்தான் சுருள் எழும். அதுவரை அந்த இடத்தைக் கிளறாமல், இலைச்சருகை மெலிதாகப் போட்டு வையுங்கள். சருகு வேர்த்தண்டின் முனையில் கனமாகக் குவியக் கூடாது. மேப்பிள் வேர் ஈரத்தையெல்லாம் இழுத்துவிடும், கோடையில் வாரம் இரண்டு முறையாவது தண்ணீர் வேண்டும். காலை வெயில் இரண்டு மணி நேரம் பட்டால் வெள்ளி இன்னும் பளிச்சென்று இருக்கும். 2004இல் அமெரிக்காவின் பல்லாண்டுத் தாவரச் சங்கம் அந்த ஆண்டின் செடியாகத் தேர்ந்தெடுத்தது இதைத்தான். உங்கள் ஊருக்குப் பொருத்தமான செடி.

கே: அதையே ஆன்லைனில் வாங்கினேன். இரண்டு மாதத்தில் போய்விட்டது. மறுபடி வாங்கலாமா? (சென்னை, அண்ணா நகர்)

வேண்டாம். அதற்குக் குளிர்கால உறக்கம் தேவை. சென்னைக்கு டெரிஸ்.

கே: வெள்ளிப் பெரணி ஆர்சனிக்கை உறிஞ்சுமாமே? வீட்டில் வைத்தால் ஆபத்தா? (சேலம்)

டெரிஸ் விட்டேட்டா ஆர்சனிக்கைத் தன் இலையில் சேர்த்துக்கொள்வதை 2001இல் அமெரிக்காவின் புளோரிடாவில் கண்டறிந்தார்கள். அடுத்த ஆண்டே தாய்லாந்தில் பிட்டிரோகிராமாவிலும் அதைக் கண்டார்கள். மண்ணில் இருந்தால்தான் செடி எடுக்கும், தானாக உண்டாக்காது. தொட்டிச் செடியால் பயமில்லை. ஆனால் எந்தப் பெரணியையும் கஷாயத்தில் போடாதீர்கள்.

கே: ஐப்பசி மழையில் தொட்டிகளை வெளியே வைக்கலாமா? (கடலூர்)

தாராளமாக. மழைநீர் கலவையின் உப்பையும் கழுவிவிடும். அடித்தட்டுகளை மட்டும் எடுத்துவிடுங்கள், தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும். மழை அடித்து மண் வேர்த்தண்டின்மேல் ஏறியிருந்தால் விரலால் மெல்ல விலக்கிவிடுங்கள்.