விண்கலம் விடுற ஆவி எங்க போகும்?

கேள்வி: போன வாரம் சாயங்காலம் லேடீஸ் சீட் வியூ பாயிண்ட்ல நின்னுட்டு இருந்தப்போ சர்வதேச விண்வெளி நிலையம் பளிச்னு தலைக்கு மேல போச்சு சார். அதுல இருந்து கழிவுத்தண்ணி, கேஸ் எல்லாம் வெளிய விட்டா, அங்கதான் காத்தே இல்லையே, உடனே கலைஞ்சு போயிடாதா? அதனால யாருக்கு என்ன கெடுதல்?
– கல்லூரி மாணவி, ஏற்காடு

பதில்: மொதல்ல ஒண்ணு, நிலையத்துல சிறுநீரையே சுத்திகரிச்சு குடிக்கறாங்க, அதனால தண்ணி கொட்டுறது கம்மிதான். தாராளமா கொட்டுனது ஷட்டில்ங்கற பழைய அமெரிக்க விண்வெளி ஓடம். ஆனா "காத்தே இல்ல"ன்னு சொல்லிட முடியாதும்மா, 400 கிலோமீட்டர் உயரத்துலயும் ஒரு கன சென்டிமீட்டர்ல லட்சக்கணக்குல எலக்ட்ரானும் ஆக்சிஜன் அயனியும் (எலக்ட்ரான இழந்து மின்னூட்டம் ஏறுன அணு) இருக்கு, அதைத்தான் பிளாஸ்மாங்கறோம்.

கொண்டை ஊசி வளைவுல பஸ் விட்ட புகை பின்னாடியே நின்னுரும், மேல அப்படி இல்ல. வெளிய வர்ற நீராவிக்கும் கலத்தோட அதே வேகம்தான், செகண்டுக்கு ஏழரை கிலோமீட்டருக்கு மேல, பெருசா தடுக்கறதுக்கு ஒண்ணும் இல்லாததால விரிஞ்சுக்கிட்டே கொஞ்ச நேரம் கூடவே வருது. நீராவி மூலக்கூறு ஒரு ஆக்சிஜன் அயனிய சந்திச்சா மின்னூட்டம் இதுக்குத் தாவிரும், அதுவரைக்கும் கண்டுக்காத பூமியோட காந்தப்புலம் அப்புறம் புடிச்சு சுத்த விட்டுரும். அந்தத் தண்ணி அயனி ஒரு எலக்ட்ரான புடிச்சு உடைஞ்சு போகுது, ஆக மொத்தம் சுத்துவட்டாரத்துல எலக்ட்ரான் கொறையுது.

இதுல சங்கடம் விஞ்ஞானிகளுக்குத்தான். விண்வெளிய அளக்கப் போன கருவி, தான் வந்த வண்டியோட ஆவியையே அளந்துட்டு உக்காந்திருந்தா என்ன பண்றது? அதனாலதான் 1982-ல கொலம்பியா ஷட்டில்ல அயோவா பல்கலைக்கழகத்தோட பிளாஸ்மா கருவிய ரோபோ கையில புடிச்சு ஷட்டிலச் சுத்தி அங்க இங்க நீட்டிப் பாத்தாங்க, 1985-ல சேலஞ்சர்ல அதையே தனியா மிதக்க விட்டு, ஷட்டில் அதச் சுத்திப் பறந்துச்சு. தண்ணி அயனி கைல சிக்குச்சு. அதே பயணத்துல ரேடார் நிலையங்களுக்கு மேல வேணும்னே எஞ்சின எரிச்சு, அந்தப் புகையால அயனி மண்டலத்துல, அதாவது மேல சொன்ன பிளாஸ்மா அடுக்குல, எலக்ட்ரான் கொறைஞ்சு ஓட்டை விழுதான்னும் பாத்தாங்க, விழுந்துச்சு! ராக்கெட்டால இப்படி ஓட்டை விழறது 1973-லயே ஸ்கைலாப்ங்கற அமெரிக்க விண்வெளி நிலையத்த ஏவுனப்போ தெரிஞ்ச சங்கதி, அப்போ ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல அகலம்.

ஆனா எல்லா கசிவும் வில்லன் இல்ல. நிலையத்தோட சோலார் பேனல் 160 வோல்ட்ல ஓடுறதால கலத்து மேல மின்னூட்டம் சேரும், அதை எறக்க செனான்ங்கற வாயுவோட பிளாஸ்மாவ வேணும்னே வெளிய விடறதுக்குன்னே ஒரு கருவி வச்சிருக்காங்க.