வயதான பெண்கள் ஊர் சுற்றி, ஆட்டம் ஆடி, துப்பும் துலக்கும் மர்மக் கதைகள் நம்பும்படியா இருக்கின்றன?

நம்பலாம். ஒரு வார்த்தையில் முடித்திருப்பேன். ஆனால் "அறுபதுக்கு மேல் யார் இப்படியெல்லாம் செய்கிறார்கள்?" என்று கேள்வியோடு ஒரு வால் சேர்த்திருக்கிறீர்களே, அது சுருக்கென்று தைத்தது. உங்களுக்கு முப்பதுக்குள் இருக்கும். அம்மா வீட்டில் பேரனைப் பார்த்துக்கொண்டிருப்பார். நாலு நாள் அவரை வெளியே அனுப்பிப் பாருங்கள்.

அகதா கிறிஸ்டி படைத்த துப்பறியும் பெண் மிஸ் மார்ப்பிள் 1930இல் நாவலுக்குள் வரும்போதே கிழவிதான். 1942இல் வந்த நாவலில், ஒரு வீட்டு நூலகத்தில் பிணம் கிடக்க, அது ஓட்டல் விருந்தாளிகளோடு ஆடச் சம்பளத்துக்கு இருந்த பெண் என்று எல்லாரும் சொல்லும் வழக்கில், பிணத்தின் கடித்த நகங்களை வைத்து நூல் பிடிப்பார். 1964இல் கரீபியன் தீவு, 1971இல் பேருந்துச் சுற்றுலா என்று போய்க்கொண்டே இருப்பார். 1966இல் டோரதி கில்மன் எழுதிய நாவலில் வந்த மிஸஸ் பாலிஃபாக்ஸ் இன்னும் ஒரு படி மேலே. பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், பொழுது போகவில்லை என்று நேராக அமெரிக்க உளவு அமைப்பான சிஐஏ அலுவலகத்துக்குப் போய் உளவு வேலை கேட்பார். ஒரு குறைதான். மார்ப்பிள் கதையில் ஆடுவது மற்றவர்கள், அவர் உட்கார்ந்து கம்பளி பின்னுவார். எங்கள் கதையில் ஆடியதும் நாங்கள்தான்.

2023 பிப்ரவரி. வடசென்னை தண்டையார்பேட்டையில் எங்கள் தெருவிலிருந்து ஒன்பது பெண்கள் வேன் பேசி நவக்கிரகக் கோயில்களுக்குக் கிளம்பினோம். சின்னவளுக்கு 57, பெரியக்காவுக்கு 71. ரயிலில் போயிருக்கலாமே என்பீர்கள். 58 வயதான பெண்களுக்கு டிக்கெட் பாதி விலை என்று ஒன்று இருந்தது. அதற்காக வருஷக்கணக்காகக் காத்திருந்தேன். 2020 மார்ச்சில் நிறுத்தினார்கள். எனக்கு 58 முடிந்தது அந்த ஜூனில். வயிற்றெரிச்சல், விடுங்கள்.

முதல் ராத்திரி கும்பகோணத்தில் லாட்ஜ். மொட்டை மாடியில் கோலாட்டம் போட்டோம். ஆடி மாதம் எங்கள் தெரு அம்மனுக்காகக் கற்றுக்கொண்டது, குச்சிகளை வேனிலேயே போட்டு வந்திருந்தோம். பதினோரு மணிக்கு லாட்ஜ் ஆள் மேலே வந்து கையெடுத்துக் கும்பிட்டான்.

மறுநாள் விடியற்காலை டீக்கடையில் காசு எடுக்கப் பெரியக்கா கை இடுப்புக்குப் போனது. சுருக்குப் பை இல்லை. ஆளுக்கு 1,500 போட்ட பொதுப் பணம். 2,100 செலவு போக 11,400 இருக்க வேண்டும். (31 வருஷம் கணக்குப் பிரிவில் குப்பை கொட்டியவள், தொகை மறக்காது.)

அஞ்சு நிமிஷத்தில் எல்லார் கண்ணும் கிளீனர் பையன் மேல் போனது. வியாசர்பாடிப் பையன், 19 வயது. "அவன் பையத் தொறந்து காட்டச் சொல்லு யக்கா" என்றாள் ஒருத்தி. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. படம் எடுக்கிறவர்களுக்கு வடசென்னை என்றால் அரிவாளும் கஞ்சாவும்தான். என் மகன் இன்டர்வியூவுக்குப் போன ஒரு கம்பெனியில், கொருக்குப்பேட்டை பக்கம் என்றதும் ஃபைலை மூடினார்களாம். ஊரே செய்வதை நாமும் நம்ம பேட்டைப் பையனுக்குச் செய்வதா? கத்திவிட்டேன். அவன் டீயைப் பாதியில் வைத்துவிட்டு வேன் கண்ணாடியைத் துடைக்கப் போனான். சுத்தமாகத்தான் இருந்தது கண்ணாடி.

பெரியக்காவைத் தனியாக உட்கார வைத்துக் கேட்டேன். வேகப் பாட்டு வந்தபோது பை இடுப்பில் இடித்ததாம், ஓரமாக நீட்டிய ஒரு கையில் கொடுத்தாராம். யார் கை? "இருட்டுல இன்னாத்தக் கண்டேன்?" மற்றவர்களைக் கேட்டால் எல்லாரும் "நான் ஆடிக்கினு இருந்தேன்".

எப்படி முடியும்? கோலாட்டம் ஜோடி ஜோடியாக ஆடுவது. ஒன்பது பேரில் ஒருத்தி வெளியே நின்றே ஆக வேண்டும். வேகப் பாட்டில் எனக்கு எதிரே நின்றது சின்னவள். குறி தப்பி என் கட்டைவிரலில் போட்டாள், காலையில் நகம் கறுத்திருந்தது. அதனால் அந்தப் பாட்டில் எனக்குச் சந்தேகமே இல்லை. "என் எடத்துல நில்லு" என்று அவளை உள்ளே தள்ளியவர் முட்டிவலி அக்கா.

அவர் திருடுகிறவர் இல்லை. இருபது வருஷமாகச் சீட்டுப் பிடிக்கிறார், ஒரு ரூபாய் பிசகியதில்லை. ஆனால் சென்னையில் ஏறியதிலிருந்து தன் ரெக்சின் பையை மடியை விட்டு இறக்கவில்லை, கேரியரில் போடவும் விடவில்லை.

கதைகளில் வருவதுபோல் எல்லாரையும் கூட்டி வைத்து விரல் நீட்ட எனக்கு மனசு வரவில்லை. எதிர்வீட்டுக்காரர், நாளைக்கும் முகத்தில் விழிக்க வேண்டும். திருநள்ளாறில் நளதீர்த்தத்துக்குக் குளிக்கப் போகும்போது சத்தமாகச் சொன்னேன், "யக்கா, உனக்குப் படி ஏற எறங்க முடியாது, வேன்லயே குந்தி பைங்களப் பார்த்துக்கோ." டிரைவரையும் பையனையும் கூடவே கூட்டிப் போனேன்.

திரும்பி வந்தால் பெரியக்கா சீட்டுக்கு அடியில் சுருக்குப் பை. சனீஸ்வரனே கண் திறந்துட்டார் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நான் எண்ணினேன். 11,400 சரி. எண்ணி முடித்த விரலை முகர்ந்து பார்த்தேன். நெத்திலிக் கருவாடு.

சாயங்காலம் வைத்தீஸ்வரன் கோயிலில் முட்டிவலி அக்கா தனியாகச் சிக்கினார். மாயவரத்தில் கட்டிக்கொடுத்த மகள் அங்கே வருவதாக இருந்தது, அவளுக்காகக் காசிமேட்டில் வாங்கிய கருவாடு. ராத்திரி தூக்கக் கலக்கத்தில் பணத்தை அதோடு திணித்துவிட்டார். விடிந்ததும், ஒரு வாரமாகக் கவிச்சி தொடாமல் விரதம் இருக்கிற எட்டுப் பேர் எதிரில் பையைத் திறக்க முடியவில்லை. "மாயவரத்துல கருவாடே கெடைக்காதா யக்கா?" "காசிமேட்டு நெத்திலி மாதிரி வருமாடி?" அந்தப் பையனைச் சொன்னபோது வாய் திறந்திருக்கலாமே என்று கேட்டேன். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார், பதில் இல்லை.

கோயில் யாத்திரைக்குக் கருவாடா என்று சண்டைக்கு வரப்போகிறவர்களுக்கு: நான் எடுத்துப் போகவில்லை, தெரிந்திருந்தால் விட்டிருக்கவும் மாட்டேன். இதை வைத்து என்னைப் பெரிய துப்பறிவாளி என்று சொல்லிக்கொள்ளவும் இல்லை.

மகள் வந்து பையை வாங்கிப் போனாள். ராத்திரி லாட்ஜ் வாசலில் அந்தப் பையன், செய்தித்தாளில் சுற்றிய பொட்டலம் ஒன்றை டூல்ஸ் பெட்டிக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டிருந்தான். என்னடா அது என்று நான் கேட்கவில்லை. வாசனை வந்தது.