திலேப்பியா தீவனத்தில் புரோபயாடிக் கலப்பது எப்படி? தயிர் கலந்தால் போதாதா?

புரோபயாடிக் என்பது மீன் குடலுக்கு நன்மை செய்யும் உயிருள்ள நுண்ணுயிர். அதற்குத் தயிர் வேண்டாம். தயிர் விஷம் ஒன்றும் இல்லை, ஆனால் அதில் என்ன பாக்டீரியா, எவ்வளவு உயிரோடு இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. போதாததற்கு மிதவைத் தீவனம் அதில் ஊறி மூழ்கிவிடும். மீன் தின்னாமல் விட்டது அடியில் அழுகி அமோனியாவைத்தான் கூட்டும்.

ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். 1,000 கிஃப்ட் திலேப்பியா (வேகமாக வளரத் தேர்ந்தெடுத்து மேம்படுத்திய ரகம்), சராசரி 100 கிராம் என்றால் மொத்தம் 100 கிலோ மீன். மீன் எடையில் 3 சதவீதம் போட்டால் நாளுக்கு 3 கிலோ தீவனம்.

வாங்கும்போது பேசில்லஸ் சப்டிலிஸ் அல்லது பேசில்லஸ் லைக்கெனிஃபார்மிஸ் உள்ளதாகப் பாருங்கள். இவை விதையுறை மாதிரி ஸ்போராக உறங்கும். அதனால் சூட்டையும் நாள்பட்ட இருப்பையும் தாங்கும். லாக்டோபேசில்லஸும் ஈஸ்ட்டும் நல்லவைதான், ஆனால் வெயிலிலும் கொதிக்கும் சூட்டிலும் செத்துப்போகும். பாக்கெட்டில் சிஎஃப்யு, அதாவது உயிரோடு இருக்கும் நுண்ணுயிர்களின் எண்ணிக்கை, கிராமுக்கா கிலோவுக்கா என்று கட்டாயம் படியுங்கள். அதில் ஏமாந்தால் ஆயிரம் மடங்கு வித்தியாசம். கிராமுக்கு 100 கோடி என்று இருந்தால், கிலோ தீவனத்துக்கு 5 கிராம் கலந்தால் ஒரு கிராம் தீவனத்தில் 50 லட்சமும், 10 கிராம் கலந்தால் 1 கோடியும் வரும். இந்த அளவு போதும்.

5 கிராம் பொடியை 30 மில்லி குளோரின் கலக்காத தண்ணீரில் கரையுங்கள். அகலத் தட்டில் பரப்பிய ஒரு கிலோ தீவனத்தின் மேல் தெளித்து, கையால் புரட்டி, 20 நிமிடம் நிழலில் உலர்த்துங்கள். பிறகு 10 முதல் 15 மில்லி மீன் எண்ணெய் விட்டு மறுபடி புரட்டுங்கள். இந்த எண்ணெய்ப் பூச்சைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் பத்துத் தீவனக் குருணை போட்டுப் பாருங்கள்: இரண்டு நிமிடத்தில் தண்ணீர் கலங்கினால் உங்கள் காசு குட்டையில்தான் கரைகிறது, மீன் வயிற்றுக்குப் போகவில்லை. தண்ணீர் அதிகம் விட்டால் குருணை ஊறி மூழ்கும். கலந்ததை அன்றே போட்டு முடியுங்கள்.

பிரீபயாடிக் என்பது அந்த நல்ல பாக்டீரியாவுக்கான தீனி. ஈஸ்ட் செல் சுவரில் இருந்து எடுக்கும் மானன் ஆலிகோசாக்கரைடு என்ற சர்க்கரைப் பொருளைக் கிலோ தீவனத்துக்கு 2 முதல் 4 கிராம் போடலாம். நோய்க்கிருமி குடல் சுவரில் ஒட்டாமல் தடுப்பதும் இதன் வேலை. பீட்டா குளூக்கான் கொஞ்சம் வேறு ரகம், நோய் எதிர்ப்பு சக்தியைத் தூண்டுவது. அதைக் கிலோ தீவனத்துக்கு 1 கிராமுக்கு மேல் ஏற்றாமல், இரண்டு மூன்று வாரம் கொடுத்து இடைவெளி விடுங்கள். வளர்ப்புக் காலம் முழுக்கக் கொட்டினால் தூண்டுதலே மழுங்கிவிடும்.

வெல்லம், தவிடு போட்டுப் புளிக்கவைத்துக் குட்டையில் ஊற்றுவது தண்ணீருக்கான வேலை, இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளாதீர்கள். அதை ஊற்றும் நாளில் ஏரேட்டர் ஓடவில்லை என்றால் விடியற்காலையில் ஆக்சிஜன் இறங்கி மீன் வாய் பிளந்து மேலே வரும்.

ஆன்டிபயாட்டிக் கொடுக்கும் நாட்களில் புரோபயாடிக் கொடுப்பது வீண், ஆன்டிபயாட்டிக் அந்த நல்ல பாக்டீரியாவையும் கொன்றுவிடும். கோர்ஸ் முடிந்தபின் ஆரம்பிப்பதுதான் சரி. உடலில் ஒட்டும் மீன் பேனுக்குப் புரோபயாடிக் மருந்தே அல்ல. ஏரோமோனாஸ் என்ற நோய் பாக்டீரியா தாக்கி ரத்தப் புள்ளி விழுந்த பிறகு ஆரம்பித்தாலும் பெரிதாக எதுவும் நடக்காது. வலை இழுக்கும் முன், குஞ்சு இடம் மாற்றும் முன், குறைந்தது இரண்டு வாரம் முன்பே தொடங்க வேண்டும். நிறுத்தினால் குடலில் எண்ணிக்கை விரைவில் சரிந்துவிடும், நிரந்தரமாகத் தங்காது. உவர்நீர்ப் பண்ணை என்றால், கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையத்திடம் ஆன்டிபயாட்டிக் அற்றது என்று சான்று பெற்ற பொருளா என்றும் பாருங்கள்.

செலவுக்குக் கட்டுமா? 3 கிலோ தீவனத்துக்கு நாளுக்கு 15 கிராம், மாதம் 450 கிராம் பொடி. மாதம் 90 கிலோ தீவனத்தில் எஃப்சிஆர் (ஒரு கிலோ மீன் எடை கூட ஆகும் தீவனம்) 1.6-இல் இருந்து 1.5-க்கு இறங்கினால் மிச்சம் சுமார் 5.6 கிலோ தீவனம். 450 கிராம் பொடியின் விலை அதைவிட அதிகம் என்றால், நெருக்கம் குறைந்த, நோய் தொடாத குட்டையில் இதைப் போட வேண்டாம். நாற்றங்கால் தொட்டிக்கும் நெருக்கமாக வளர்க்கும் குட்டைக்கும் போடுங்கள், அங்கே சாவு குறைவதிலேயே பணம் திரும்பிவிடும்.