பட்டியலில் தப்பில்லை, ஓட்டுப் போடும் தேதிதான் விஷயம்

வணக்கம். வினாடி வினாவுக்கு எடுத்த, அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தின் சிறந்த பயிற்சியாளர் விருதுப் பட்டியலில் 2018, 2019 பெயர்கள் இடம் மாறிவிட்டனவோ என்று கேட்டிருந்தீர்கள். மாறவில்லை, அப்படியே விடுங்கள்.

அசோசியேட்டட் பிரஸ் (ஏபி) செய்தி நிறுவனத்தின் இந்த விருதுக்கு நிருபர்கள் வாக்களிப்பது, கல்லூரி அணிகள் தேசியக் கோப்பைக்கு மோதும் மார்ச் மாத என்சிஏஏ தொடர் தொடங்கும் முன்பே. அறிவிப்பு மட்டும் பிறகு வரும். 2018இல் டோனி பென்னட்டின் வர்ஜீனியா 31 வெற்றி, 2 தோல்வியோடு தொடருக்குள் வந்தது. சீசனுக்கு முன் தரவரிசையின் முதல் 25இல்கூட இல்லாத அணி. ஓட்டு விழுந்துவிட்டது. அப்புறம் முதல் ஆட்டத்திலேயே யுஎம்பிசி என்ற பல்கலைக்கழக அணியிடம் 54-74 என்று அடி வாங்கியது. ஆண்கள் தொடரில் முதல் தரவரிசை அணி 16ஆம் தரவரிசை அணியிடம் தோற்றது அதுதான் முதல் முறை. பாவம், அந்தக் காயம் ஆறும் முன்பே கையில் விருது.

2019இல் பென்னட் கோப்பையே வென்றார். விருதோ, இறுதியாட்டத்தில் அவரிடம் தோற்ற டெக்சஸ் டெக்கின் கிறிஸ் பியர்டுக்கு. எதிர்பார்ப்பைத் தாண்டுகிறவர் பக்கம்தான் ஓட்டு சாயும் என்பது என் கணிப்பு.

ஒன்று, கேள்வியில் 'ஏபி விருது' என்று தெளிவாக எழுதுங்கள். அதே 2019இல் நெய்ஸ்மித் என்ற இன்னொரு சிறந்த பயிற்சியாளர் விருது டென்னசியின் ரிக் பார்ன்ஸுக்குப் போனது. யாராவது கட்டாயம் சண்டைக்கு வருவார்கள்.