ரெட்டினாவும் ரீட்டெய்னும் உறவா?

கேள்வி: இரவு சாப்பாட்டுக்குப் பிறகு மகளோடு ஸ்க்ராபிள் ஆடுவது எங்கள் வழக்கம், எழுத்துக் காய்களை வைத்து ஆங்கிலச் சொல் அமைக்கும் ஆட்டம். அவள் நர்சிங் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். நேற்று என்னிடம் ஆர், இ, டி, ஐ, என், ஏ, ஹெச் என்று ஏழு எழுத்துகள் வந்தன. ‘ரெட்டினா’ என்று வைத்தேன். “இதே எழுத்துகளில் ‘ரீட்டெய்ன்’ என்றும் வைக்கலாம்மா, இரண்டுக்கும் லத்தீன் வேர் ஒன்றுதான்” என்றாள். அது சரியா? அந்த ஏழு எழுத்துகளுக்கு இன்னும் நல்ல சொல் இருந்ததா?

பதில்: இருந்தது. ‘ஹேர்நெட்’, கொண்டைக்குப் போடும் வலை. ஏழு காயும் ஒரே முறையில் தீர்ந்து 50 புள்ளிகள் கூடுதலாகக் கிடைத்திருக்கும். உங்கள் மகளின் கேள்விக்கான விடையும் இந்தச் சொல்லிலேயே இருக்கிறது, ஏனென்றால் ரெட்டினா என்பதன் பொருளும் வலைதான்.

லத்தீனில் ‘ரேட்டே’ என்றால் வலை. ஆனால் கண்ணின் உட்புறத்து மெல்லிய படலத்துக்கு அந்தப் பெயரை முதலில் யோசித்தவர்கள் லத்தீன்காரர்கள் இல்லை. பழைய கிரேக்க மருத்துவர்கள் அதை ‘வீச்சுவலை போன்ற உறை’ என்றார்கள். 2ஆம் நூற்றாண்டில் கேலன் எழுதிய நூல்களில் அந்தப் பெயர் இருக்கிறது. அவர் நூல்கள் அரபுக்குப் போனபோது, ‘ஷபகா’ என்ற வலைச் சொல்லிலிருந்து ‘ஷபகிய்யா’ என்று பெயரிட்டார்கள். 11ஆம் நூற்றாண்டில் இப்னு சீனா அரபில் எழுதிய பெரிய மருத்துவ நூலை, அடுத்த நூற்றாண்டில் ஸ்பெயினின் டொலேடோ நகரில் கிரெமோனாவின் ஜெரார்டு லத்தீனுக்குக் கொண்டுவந்தார். ‘ரெட்டினா’ அந்த மொழிபெயர்ப்பு வழியாகத்தான் ஐரோப்பிய மருத்துவத்துக்குள் வந்தது. மூன்று மொழி மாறியும் வலை அறுந்துபோகவில்லை. கண் டாக்டர் எடுக்கும் படத்தில் ரத்தக் குழாய்கள் வலைபோலத் தெரிவதைப் பலரும் இதற்குக் காரணமாகச் சொல்வார்கள். எனக்கென்னவோ வீச்சுவலையின் வடிவம்தான் பொருத்தமாகப் படுகிறது. விரிந்த படலம், பின்னால் பார்வை நரம்பில் ஒரே இடத்தில் குவிகிறது, கயிற்றைப் பிடித்துத் தூக்கிய வலை மாதிரி. தமிழில் நாம் ‘விழித்திரை’ என்றது வேறொரு பார்வை: பிம்பம் விழும் திரை.

‘ரீட்டெய்ன்’ கதை வேறு. லத்தீனில் ‘டெனேரே’ என்றால் பிடித்திருப்பது. அதோடு ‘ரே’ என்ற முன்னொட்டு சேர்ந்து ‘ரெட்டினேரே’, அதாவது விடாமல் பிடித்துவைப்பது என்று ஆனது. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து ரீட்டெய்ன் ஆயிற்று. கன்டெய்ன், மெயின்டெய்ன் எல்லாம் அதன் உடன்பிறப்புகள். ‘ரெட்டினேரே’ என்ற வடிவத்தைப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வரும், உங்கள் மகளைக் குறை சொல்ல முடியாது. அவள் பாடத்திலேயே இதைச் சரிபார்க்க ஒரு வழி இருக்கிறது. மணிக்கட்டில் தசைநாண்களை இடம் பெயராமல் பிடித்துவைக்கும் பட்டையை ‘ரெட்டினாக்குலம்’ என்பார்கள். அதுதான் ரீட்டெய்னுக்கு உண்மையான சொந்தம். செல்லுக்குள் இருக்கும் எண்டோபிளாஸ்மிக் ‘ரெட்டிகுலம்’ ரெட்டினாவின் சொந்தம், சின்ன வலை என்று பொருள். வேலை பிடித்துவைப்பதா, உருவம் வலையா என்று கேட்டால் எது எந்த வீடு என்று தெரிந்துவிடும்.

சரி, ஆட்டத்துக்கு வருவோம். ஆங்கில ஸ்க்ராபிளில் மொத்தம் 100 காய்கள். ரெட்டினாவின் ஆறு எழுத்துகள் மட்டுமே அதில் 48. அதனால் இவை கையில் சேர்வது அடிக்கடி நடக்கும். சேர்ந்தால் அவசரப்பட்டு ஆறெழுத்துச் சொல்லாக வைத்துவிடாமல் ஏழாவது எழுத்தைப் பாருங்கள். நான் செய்வது இது: ஆரையும் இ-யையும் தனியே எடுத்துவிடுவேன். முன்னால் வைத்தால் ‘ரீ’, பின்னால் திருப்பி வைத்தால் ‘எர்’. மிச்சம் டி, ஐ, என், ஏ நான்கோடு புது எழுத்தைச் சேர்த்து ஒரு சிறிய சொல் வருகிறதா என்று பார்ப்பேன். பி வந்தால் பெயிண்ட். உடனே ‘பெயிண்டர்’, ‘ரீபெயிண்ட்’ இரண்டும் கிடைக்கின்றன. எஃப் வந்தால் ‘ஃபெயிண்டர்’. இன்னொரு ஆர் வந்தால் ‘டிரெய்னர்’, ‘ரீட்ரெய்ன்’.

இந்த வழிக்கு அகப்படாதவற்றை மனப்பாடம் செய்யத்தான் வேண்டும். ஜி வந்தால் ‘கிரானைட்’, எம் வந்தால் மசூதிக் கோபுரமான ‘மினரெட்’, சி வந்தால் ‘செர்ட்டன்’, கே வந்தால் முடியிலும் நகத்திலும் உள்ள புரதமான ‘கெரட்டின்’. எனக்கு மிகவும் பிடித்தது எல். விழித்திரை சார்ந்தது என்ற பொருளில் ‘ரெட்டினல்’, பிறகு ‘ரிலையண்ட்’ என்பவற்றோடு, கழிப்பிடத்தைக் குறிக்கும் ‘லாட்ரின்’ வருகிறது. கழுவுவதைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது அது. அப்புறம் ‘என்ட்ரெயில்’, குடல். அதுவும் லத்தீன் வழி வந்த உடற்சொல்தான், உள்ளே இருப்பது என்ற பொருளில். கண்ணும் குடலும் ஒரே ஏழு காய்களில்! பேச்சில் என்ட்ரெயிலைப் பன்மையாகவே சொல்வார்கள், ஆட்டத்தில் ஒருமையும் செல்லும்.

இன்னொரு இ கிடைத்தால், ரெட்டினாவின் லத்தீன் பன்மையான ‘ரெட்டினே’ செல்லும். அது தோன்றாவிட்டாலும் பரவாயில்லை, அதே ஏழு எழுத்துகளில் ‘டிரெய்னி’ இருக்கிறது.